ஊமல் அடுப்பும் மச்சாளின் மேல்வீடும்

இந்த அடுப்பை நான் நல்ல மனதோடு கட்டவில்லை. பார்க்க வருகிற பெண்கள் எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். ஆத்திரத்தில் வந்தது என்று சொன்னால் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்விடுவார்கள்.

இங்கே எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு மீன் வெட்டப் போனவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு தலைமன்னார் போகிற ரோட்டுக்கு உள்ளே, பனைகளுக்கு நடுவில். ஒரு அறை, ஒரு விறாந்தை, அறையோடு ஒட்டிச் சமைக்க ஒரு குசினி. என் அவர் சங்கு குளித்தவர். கடலுக்கு அடியில் மூச்சை அடக்கி அடக்கி உழைத்தவருக்குக் கரையில் மூச்சு விட முடியாமல் போயிற்று. முட்டு வருத்தம். வாடைக்காற்று தொடங்கினால் படுக்கமாட்டார். சுவரில் சாய்ந்து இருந்தபடிதான் நித்திரை.

எங்களுக்குத் தென்மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், மச்சாள் இருக்கிறாள். அவருடைய அக்கா. நேரில் நீங்கள் என்றுதான் கதைப்பேன். எழுத்தில் அவள்தான். மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பி மேல்வீடு கட்டினாள். மேலே பல்கனி, வெள்ளைத் திரைச்சீலை, உடுப்புக் காயப்போடக் கம்பி. தம்பியைத் தான் தூக்கி வளர்த்ததாகவும் நான் வந்து பறித்துக்கொண்டு போனதாகவும் அவளுக்கு எண்ணம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த எண்ணம் மாறவில்லை.

இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் எல்லைப் பனைகள் நிற்கின்றன. வேலி அவற்றின் அடியோடு போகிறது. அந்தப் பனைகள் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. விழுந்தது விழுந்த வளவுக்கு. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். காய்ந்த பனையோலையைக் காவோலை என்போம். வடகிழக்கால் அடிக்கிற வாடையில் விழுந்தால் அது அவள் பக்கம் விழும். தென்மேற்கால் அடிக்கிற சோளகத்தில் விழுந்தால் எங்கள் பக்கம். காற்றுத்தான் பங்கு பிரிக்கும். சோளகம் பலத்த காற்று. அதனால் எங்கள் பங்கு கொஞ்சம் கூட. அவளுக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு வருடம் சோளகம் எழும்ப முன்னம் ஆள் பிடித்து ஏற்றினாள். எல்லைப் பனை அத்தனையிலும் காவோலையை வெட்டித் தன் வளவுக்குள் விழுத்தினாள். அவளுக்கு விறகே தேவையில்லை. காஸ் அடுப்பு. வெட்டியதைக் குவித்து, நான் பார்த்துக்கொண்டு நிற்கக் கொளுத்தினாள்.

"பாம்பு அடையுது மச்சாள். அதுதான்" என்றாள்.

நான் அடுப்பை நம்பிப் பிழைக்கிறவள். இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பேன். கிழங்குக் காலம் வந்தால் பனங்கிழங்கைப் பெரிய கிடாரத்தில் அவித்து, கிழித்து, காயவைத்துப் புழுக்கொடியல் போடுவேன். நெருப்பு இல்லாமல் எனக்கு நாள் இல்லை. காவோலை போன பிறகு கண்டதையும் எரித்தேன். ரோட்டோரத்து உடைமரத்தைப் பச்சையாக வெட்டி எரித்தேன். ஈரமான தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்தேன். கடற்கரையில் ஒதுங்கிய பலகை எரித்தேன். அது உப்பு ஊறிய பலகை, எரியாமல் சீறும். மூன்று கல் அடுப்பு. புகைக்குப் போக வழி இல்லை. அறைக்குள் போயிற்று. அறையில் அவர் இருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "மருந்து நான் தரலாம். புகையை நீங்கள்தான் நிப்பாட்ட வேணும்."

அந்த வருடம் வாடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் மாதா கோயில் வாசலில் வேம்புக்குக் கீழே நின்றது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"என்ர தம்பியைப் பாத்தியளே? என்ன நிறமாய்ப் போனான்! இவள் புகை போட்டுப் போட்டு அவனைக் கருவாடு போடுறாள். உப்பு ஒண்டுதான் குறை."

சிரித்தார்கள். எங்கள் ஊரில் கருவாடு போடாத வீடு இல்லை. எல்லோருக்கும் விளங்கிய பகிடி. பாட்டுக்குழுவில் பாடுகிற பெண்ணும் சிரித்தாள். அவளுக்கு நான் இடியப்பம் கடனாகவும் கொடுத்தவள்.

மச்சாள் கிட்ட வந்தாள். "நத்தாருக்குள்ள, யேசு பாலன் பிறக்க முன்னம், உந்தப் புகை நிக்க வேணும். நிக்காட்டில் தம்பியை நான் என்ர வீட்டை கூட்டிக்கொண்டு போயிடுவன். அங்க மாபிள் நிலம், காஸ் அடுப்பு, மேல காத்து. சாகிற வயசே அவனுக்கு? கேட்டுதோ?"

"ஓம் மச்சாள்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நின்ற பிறகு கேட்டார்: "கருவாடு எண்டால் என்ன மீன் எண்டு சொன்னவவே? சீலா எண்டால் பரவாயில்லை. சாளை எண்டால் விலை போகாது."

நான் சிரிக்கவில்லை.

"அக்கா சொல்லுறதிலயும் பிழை இல்லைத்தானே" என்றார், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு.

கோயில் வாசலில் எனக்கு எரிந்ததைவிட இது கூட எரிந்தது. அவர் போவார் என்று தெரிந்தது. ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால் போகிற ஆள். மாபிள் நிலத்துக்காக இல்லை. மூச்சுக்காக. மூச்சுக்காகப் போகிறவரை எப்படி மறிப்பது?

பின்னேரம் இடியப்பத்துக்குத் தண்ணீர் வைத்தேன். புகை குசினிக் கூரைக்கு மேலே எழும்பியது. வாடை அதைப் பிடித்து மச்சாளின் மேல்வீட்டுப் பக்கம் கொண்டுபோனது. போகிற வழியில் கலைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலையாமல் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். இவ்வளவு புகையையும் ஒரு குழாய்க்குள் பிடித்து நேரே அவளுடைய வெள்ளைத் திரைச்சீலைக்கு அனுப்பினால்? அவரும் தப்புவார். அவளும் கருவாடாவாள்.

அப்படித்தான் தொடங்கியது.

முதல் அடுப்பை முருகைக்கல்லில் கட்டினேன். கடலில் கிடைக்கிற கல். எங்கள் பக்கத்தில் வீடு, மதில், கிணறு எல்லாம் முன்னர் அதில்தான் கட்டினார்கள். இடிந்த கிணற்றுக் கட்டில் கல் கிடந்தது. என் மூன்று கல்லும் அதே கல்தான். வருடக் கணக்காக அதில் எரித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அதனால் யோசிக்கவில்லை. வட்டமாக அடுக்கினேன். கிடாரம் பாதி உள்ளே இறங்கி இருக்கிற மாதிரி. முன்னுக்கு வாய். அடியில் காற்றுக்கு ஒரு ஓட்டை. பின்னுக்குப் புகை போக ஒரு வழி.

அடியில் ஓட்டை வைக்கச் சொன்னது அவர். விறாந்தையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர். "மேல மட்டும் வழி விட்டால் காணாது. கீழயும் விடு. ஒரு பக்கத்தால இழுத்தால்தான் மற்றப் பக்கத்தால விடலாம்."

நல்லாய் இழுத்தது. மூன்று கல்லில் எரிந்தது நெருப்பே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அது புகைச்சல். இது வெள்ளையாக எரிந்தது. உறுமியது. கொஞ்ச விறகில் தண்ணீர் கொதித்தது. எனக்குப் பெருமை வந்துவிட்டது. மச்சாளின் திரைச்சீலையைப் பார்த்தேன்.

ஒரு காலை இடியப்பப் பானை பொங்கி வழிந்தது. தண்ணீர் அடுப்பு வாயில் விழுந்தது. சீ என்று ஒரு சத்தம். பிறகு கல் வீங்கியது. என் கண்ணுக்கு முன்னால் கல் வீங்கி, வெடித்து, மாவாய் உதிர்ந்தது. அடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பானை என் காலில் கவிழ்ந்தது. தண்ணீர் சுட்டதைவிட அந்த மாவு சுட்டது.

முருகைக்கல்லை நன்றாக எரித்தால் சுண்ணாம்பு. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்க அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் தெரியும். என் மூன்று கல் சுண்ணாம்பாகாமல் இருந்தது கல்லின் நல்ல குணத்தால் இல்லை. என் நெருப்பு அவ்வளவு சோம்பல். நெருப்பு நல்லதானவுடன் கல் காட்டிக் கொடுத்தது.

சத்தத்துக்கு மச்சாள் பல்கனிக்கு வந்தாள். நான் காலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்து ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"வந்து பாருங்கோ! அடுப்புக் கட்டச் சொன்னால் சுண்ணாம்புக் காளவாய் கட்டியிருக்கிறா. இனி இடியப்பத்தோட வெத்திலையும் விப்பா!"

அதற்கும் சிரித்தார்கள். நத்தார் கிட்ட வந்துகொண்டிருந்தது.

சரிந்ததைக் கூட்டி அள்ளினேன். சுண்ணாம்பைக் கொட்டவில்லை. தகரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். குசினிச் சுவர் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்தேன். அறைப் பக்கத்துச் சுவருக்கும் அடித்தேன். கால் புண்ணோடு. அவர், "உனக்கு விசரே?" என்றார். விசர் இல்லை. வெள்ளைச் சுவர் பொய் சொல்லாது. மச்சாள் வந்து பார்ப்பாள். அப்போது அந்தச் சுவர் வெள்ளையாக இருக்க வேணும். அவள் பகிடி பண்ணின அதே சுண்ணாம்பால்.

இரண்டாவது அடுப்புக்கு மண் தேவை. எங்கள் ஊர் ஒரு தீவு; எங்கே கிண்டினாலும் மணல். தீவுக்கு வெளியே முருங்கன் ஊர்ப் பக்கத்தில் இருந்து வருகிற லொறிக்காரனிடம் களிமண் சொல்லி எடுத்தேன். உமி போட்டு, சாணம் போட்டு, காலால் மிதித்தேன். ஒரு காலால்தான் மிதித்தேன். மற்றக் கால் ஆறவில்லை. உள்ளுக்கு உடைந்த கூரையோட்டுத் துண்டுகளைப் பதித்தேன். ஓடு ஏற்கெனவே சூளையில் வெந்தது. இனி வெடிக்காது.

புகைக்கூட்டுக்குக் குழாய் வேணும். தகரம் கடல் காற்றில் உக்கிவிடும். பக்கத்தில் கள்ளுச் சீவுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் கள்ளு இறக்கி வெடித்துப்போன மண் முட்டிகள் குவிந்து கிடக்கும். கேட்டேன்.

"ஓட்டை முட்டியில என்னத்தைக் குடிக்கப் போறியள் அக்கா?"

"புகை" என்றேன்.

"நான் விக்கிறதைவிட நல்ல வெறியோ?"

"உங்கட கள்ளு விடிய இறங்கிடும். இது இறங்காது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. முட்டிகளைக் காவிக்கொண்டு வந்து தந்தார்.

முட்டிகளின் அடியைத் தட்டி எடுத்தேன். ஒன்றின் வாயில் மற்றதன் அடியைச் செருகி, மண் பூசி, கூரைக்கு மேலே போகும்வரை அடுக்கினேன். கடைசி முட்டிக்கு மட்டும் அடியைத் தட்டவில்லை. கவிழ்த்து மூடி, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டேன். அதைப் பூசவும் இல்லை. திருப்பலாம்.

"ஓட்டை காத்துக்கு முதுகு காட்ட வேணும். இல்லாட்டில் காத்து உள்ள வந்து புகையைத் திருப்பி அனுப்பும்" என்றார் அவர்.

வாடைக்கு முதுகு காட்டினால் முகம் மச்சாளின் பல்கனிக்கு. எனக்கு வேறு என்ன வேணும்.

அடுத்தது எரிக்க என்ன என்பது. மச்சாளின் வளவில் இருந்து ஒரு ஈர்க்கும் எடுக்கமாட்டேன் என்று நினைத்துவிட்டேன். வளவுக்குப் பின்னால் என்னுடைய ஊமல் குவியல் கிடந்தது. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கை எடுத்தபிறகு, கொட்டையை வெட்டி உள்ளே இருக்கிற பூரானைத் தின்போம். மிச்சம் கிடக்கிற கோதுதான் ஊமல். கல் மாதிரி. வருடா வருடம் கொட்டுவேன். யாரும் தொடமாட்டார்கள். மூன்று கல்லில் ஊமல் எரியாது. உருண்டு வெளியே வரும், கண் கலங்கப் புகையும். இந்த அடுப்பு ஒரு குழி மாதிரி. உருளாது. கீழே காற்று. கொஞ்சம் சுள்ளி வைத்து, மேலே காய்ந்த ஊமலைப் போட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பிடித்தது. சிவப்பாகி, நின்று எரிந்தது. பக்கத்தில் இருந்து ஊத வேண்டிய வேலையும் இல்லை. எரிந்து முடிய மிஞ்சின கரியை மூடி அணைத்து வைத்தால் அடுத்த நாள் காலை இடியப்பத்துக்கு அது காணும்.

என்னுடைய கிழங்கின் கோது என்னுடைய கிழங்கை அவிக்கும். கிழங்கு இருக்கும் மட்டும் கோது இருக்கும். யாருடைய காற்றையும் யாருடைய பனையையும் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

நத்தார் அன்று பின்னேரம் மச்சாள் வந்தாள். வாசலில் ஓட்டோவை நிப்பாட்டிவிட்டு வந்தாள். பக்கத்து வளவில் இருந்து வர ஓட்டோ எதற்கு? தம்பியை ஏற்றத்தான். புதுச் சீலை கட்டியிருந்தாள். கேக்கும் கொண்டுவந்தாள்.

நேரே குசினிக்குள் போனாள். சுவரில் விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள். வெள்ளை.

"இண்டைக்கு நத்தார் எண்டு அடுப்பு எரிக்கேல்லைப் போல" என்றாள்.

"எரியுது மச்சாள். குனிஞ்சு பாருங்கோ."

குனிந்து பார்த்தாள். உள்ளே ஊமல் சிவப்பாக இருந்தது. கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. சூடு முகத்தில் அடிக்கப் பின்வாங்கினாள். புதுச் சீலைக் கரையில் அடுப்பில் பூசின சாணி கொஞ்சம்.

அவர் அறையில் இருந்து கூப்பிட்டார்: "அக்கா, கேக் கொண்டுவந்தனியளே?"

அந்தக் குரலில் இழுப்பு இல்லை. அவளுக்கும் கேட்டது. கேக்கை வைத்துவிட்டு, "மழைக்காலம் முடியட்டும். பாப்பம்" என்று சொல்லிப் போனாள். ஓட்டோக்காரன் வெறுமனே திரும்பினான்.

இதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. என் கால் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

கிழங்குக் காலம் வந்தது. ஒவ்வொரு நாளும் கிடாரம் ஏறியது. மச்சாள் சனிக்கிழமைகளில் பல்கனிக் கம்பி நிறைய உடுப்புப் போடுவாள். ஒரு சனிக்கிழமை நான் ஊமலைத் தள்ளி வைத்துவிட்டு, பொச்சுமட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துத் திணித்தேன். மேல் முட்டியில் இருந்து புகை எழும்பியது. கயிறு மாதிரி. கறுப்பு. வாடை அதைக் கலைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போயிற்று. வெள்ளைத் துவாய், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் திரைச்சீலை. பார்த்துக்கொண்டு நின்றேன். அது சாப்பாட்டைவிட நல்லாய் இருந்தது.

"எடியே! கண் தெரியேல்லையே உனக்கு!" என்று மேலே இருந்து கத்தினாள்.

"கருவாடு மச்சாள்! உப்பு ஒண்டுதான் குறை!" என்று கீழே இருந்து சொன்னேன்.

திரும்பிக் குசினிக்குள் வந்தால் அங்கே கண் தெரியவில்லை. ஈரப் பொச்சு எரியாது. எரியாத நெருப்பு இழுக்காது. புகையில் பாதிதான் மேலே போனது. மற்றப் பாதி அடுப்பு வாயால் வெளியே வந்துகொண்டிருந்தது. கிடாரத்துத் தண்ணீர் சுடவே இல்லை. அறையில் அவர் எழும்பி இருந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வந்த பிறகு கேட்டார்: "நீ ஆருக்கு அடிக்கிறாய்?"

பொச்சை இழுத்து வெளியே போட்டு மணலால் மூடினேன். சுவரில் ஒரு கறுப்பு நாக்கு. அவளுக்குப் புகை போக வேணும் என்றால் நெருப்புக் கெட வேணும். நெருப்புக் கெட்டால் முதலில் கெடுவது அவருடைய நெஞ்சு. அந்த அடுப்பால் அவளை அடிக்க முடியாது. அப்படி ஒரு அடுப்பைக் கட்டியிருக்கிறேன். ஆத்திரம் வந்தது. என் கைமேலேயே ஆத்திரம் வந்தது.

சுவருக்குத் திரும்ப வெள்ளையடித்தேன். பிறகு ஊமல் தவிர வேறு ஒன்றும் போடவில்லை. பொறுத்தேன். எனக்குப் பொறுக்கத் தெரியும்.

வாடை போய்ச் சோளகம் வந்தது. மேல் முட்டியைத் திருப்பி வைத்தேன். அதே காலத்தில் ஊரில் காஸ் இல்லாமல் போயிற்று. கடைக்காரன் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தான். பெற்றோலுக்கும் வரிசை, மாவுக்கும் வரிசை. நெருப்புக்கு மட்டும் எனக்கு வரிசை இல்லை. என் நெருப்பு என் வளவில் கிடந்தது.

மச்சாள் மேல்வீட்டுக்குப் பின்னால், நிலத்தில், மூன்று கல் வைத்தாள். மாபிள் நிலம் கறுக்கும் என்று உள்ளே வைக்கவில்லை. காவோலை இல்லை. இந்த வருடமும் அவளே வெட்டிக் கொளுத்தியது. பச்சை உடைமரம் எரித்தாள். பெயின்ற் பூசின பலகை எரித்தாள். அடுப்பு ஊதத் தெரியாது அவளுக்கு. மறந்துபோயிருந்தாள். சோளகம் அந்தப் புகையை எடுத்து எங்கள் அறைக்குள், அவருடைய கட்டிலில் கொண்டுவந்து கொட்டியது.

அவருக்குத் திரும்ப முட்டு.

நான் வேலிக்குப் போகவில்லை. கத்தவில்லை. அவருடைய கட்டிலைத் தூக்கிக் குசினிக்குள் போட்டேன். வீட்டில் புகை வராத இடம் இப்போது அதுதான். தென்மேற்குப் பக்கம் யன்னல் இல்லை. அடுப்பு இழுக்கிற இழுவையில் உள்ளே நிற்கிற காற்றும் வெளியே போகும். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கருவாடு உலைக்குள்ள வந்திட்டுது" என்றார்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. அதே வேம்பு. அதே சனம். பாட்டுக்குழுப் பெண்ணும் நின்றாள். மச்சாள் கண் சிவந்து, தலைமயிரில் புகை மணத்தோடு நின்றாள். நான் செருப்பைத் தேடவில்லை. நேரே போனேன்.

"மச்சாள், என்ர மனிசனைப் பாத்தியளே? என்ன நிறமாய்ப் போனார்! புகை போட்டுப் போட்டு உங்கட தம்பியைக் கருவாடு போடுறியள். உப்பு ஒண்டுதான் குறை."

சிரித்தார்கள். அன்று சிரித்த அதே வாய்கள். அவள் சீலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடினாள். நான் நின்று பார்த்தேன். முழுதாகப் பார்த்த பிறகுதான் நடந்தேன்.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். குரலை இறக்கி, "மச்சாள்... உன்ர அடுப்பு மாதிரி எனக்கும் ஒண்டு கட்டித் தாவன்" என்றாள்.

"கட்டலாம்" என்றேன். "கேட்கிற இடத்தில கேளுங்கோ."

"எங்க?"

"நீங்கள் என்னைக் கேட்ட இடத்தில."

விளங்கிவிட்டது. முகம் கல்லானது. போய்விட்டாள்.

அவர் குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அக்கா ஆச்சே. பேசாமல் கட்டிக் கொடு என்பார். அவர் சொன்னது வேறு.

"அடுத்த ஞாயிறு மட்டும் எனக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியும். கடலுக்குள்ள பிடிச்சனான். நீ கேட்க வை."

கலியாணம் முடித்ததில் இருந்து அவர் என் பக்கம் நின்ற நாள் அதுதான். ஊமலில் இரண்டை எடுத்து அடுப்பில் போட்டேன்.

அவள் கேட்டாள். அடுத்த ஞாயிறு, வேம்புக்குக் கீழே, எல்லோரும் பார்க்க. "மச்சாள், எனக்கு அடுப்புக் கட்டித் தாருங்கோ." வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு நீங்கள் போட்டாள்.

"காவோலை?" என்றேன்.

"விழுந்தது விழுந்த வளவுக்கு" என்றாள்.

கட்டிக் கொடுத்தேன். களிமண்ணை அவளைக் கொண்டே காவ வைத்தேன். சாணத்தை அவளைக் கொண்டே மிதிக்க வைத்தேன், கொலுசு போட்ட காலால். கள்ளுச் சீவுகிற தம்பி முட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "அக்காமார் ரெண்டு பேரும் புகைக்கு அடிமையாகிட்டியள்" என்றார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுப்பை நான் திருத்தமாகத்தான் கட்டினேன். கோணலாகக் கட்ட முடியாது. கோணலாகக் கட்டினால் அந்தப் புகை வருவது என் அறைக்குள்.

அவளுடைய மேல் முட்டியும் சோளகத்துக்கு முதுகு காட்ட வேணும். முதுகு காட்டினால் முகம் எங்களுக்கு. அதைத் தடுக்க வழி இல்லை. காய்ந்த ஊமல் எரித்தால் ஒன்றும் வராது. வேறு எதையாவது போட்டால் எனக்கு மூக்கில் தெரியும். அவளிடம் ஊமல் இல்லை. மேல்வீடு வந்தபிறகு கிழங்குப் பாத்தி போடுவதை விட்டவள். ஊமல் என்னிடம்தான். வாடையில் என் முட்டியின் முகம் அவளுக்கு. அப்போது நான் என்ன போடுகிறேன் என்று அவள் மூக்குக் காவல் இருக்கும்.

அவர் இப்போது அறையில்தான் படுக்கிறார். மருந்து எடுக்கிறார். மூச்சு முழுதாகச் சுகமில்லை. ஆனால் படுத்து நித்திரை கொள்கிறார். அக்கா வீட்டுக்குப் போகிற கதை யாரும் எடுப்பதில்லை. காஸ் திரும்ப வந்தபிறகும் மச்சாள் அந்த அடுப்பைத்தான் எரிக்கிறாள்.

கிழமைக்கு ஒருக்கால் ஓலைக் கடகத்தோடு ஊமலுக்கு வருவாள். குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து அள்ளுவாள். நான் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். உதவமாட்டேன். ஏசவும் மாட்டேன்.

"இவ்வளவு எடுத்தால் காணுமோ மச்சாள்?" என்று கேட்பாள்.

"உங்களுக்குக் காணுமெண்டால் காணும்" என்பேன்.

குசினிக்குப் பின்னால் ஒரு உரப்பையில் ஈரப் பொச்சுமட்டை கட்டி வைத்திருக்கிறேன். எரிக்கமாட்டேன். எரித்தால் முதலில் அடிபடுவது அவருடைய நெஞ்சு என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. கடகத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டுதான் போவாள். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.